காந்தம் முதலில் கண்டறியட்டும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிக்கூடத்தில் நாள்கணக்கில் காத்திருக்கும் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "இரத்தம் எடுத்து இரண்டு நாளாகிறது. என்ன கிருமி என்று இன்னுமா தெரியவில்லை?" நியாயமான வினாவே. சர்க்கரையின் அளவு ஒரு நிமிடத்திற்குள் தெரிந்துவிடுகிறது. நெஞ்சுவலி மாரடைப்பினால் வந்ததா என்பது சில மணி நேரத்தில் தெரிகிறது. இரத்தத்தில் பூஞ்சை கலந்திருக்கிறதா என்பதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு வினாவும் சேர்ந்து வருகிறது. கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டி, "காந்தத்தை வைத்து இரத்தத்தைக் கழுவிக் கிருமியை வெளியே எடுத்துவிடுகிறார்களாமே! எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, அதை இங்கே செய்ய முடியாதா?" என்கிறார்கள்.

இவ்விரண்டு வினாக்களும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்தவை. இரும்பு ஆக்சைடால் ஆன, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத, காந்தத்திற்கு வசப்படும் நானோ துகள்களே அப்பொருள். அத்துகள்களைக் கொண்டு பூஞ்சையைக் கண்டறியலாம் என்பது ஒரு செய்தி. அவற்றைக் கொண்டு பூஞ்சையை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கலாம் என்பது மற்றொரு செய்தி. இரண்டும் உண்மைதான். ஆயினும் இரண்டும் ஒரே நிலையில் இல்லை. முன்னது நோயாளியின் படுக்கையருகே வந்து சேரத் தகுதி பெற்றுவிட்டது என்றும், அதைக் கொண்டுவருவதில் மருத்துவமனைகளும் அரசும் காட்டும் தயக்கம் குறைய வேண்டும் என்றும் நாங்கள் கருதுகிறோம். பின்னது இன்னும் ஆய்வகத்தின் வாயிலைத் தாண்டவில்லை. அதன் பெயரால் எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதும் எங்கள் கருத்து. இக்கட்டுரை அவ்விரு கருத்துகளுக்கான காரணங்களைக் கூறுவது.

பூஞ்சை என்றதும் நம் மனத்தில் தோன்றுவன மழைக்காலத்து ரொட்டியின்மேல் படரும் பச்சை, தோலில் வரும் படர்தாமரை, கைக்குழந்தையின் நாக்கில் படியும் வெண்படலம் ஆகியவையே. அந்த வெண்படலத்தை உண்டாக்குவது கேண்டிடா என்னும் பூஞ்சை. நலமாக இருப்போர் பலரின் வாயிலும் குடலிலும் தோலிலும் அது தீங்கின்றி வாழ்ந்துகொண்டிருக்கிறது. உடலின் காவல் தளரும்போதுதான் அதன் இயல்பு மாறுகிறது. வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தவர்கள், கழுத்து நரம்பில் மையச் சிரைக்குழாய் பொருத்தப்பட்டவர்கள், பல நாள்களாக வீரியமிக்க ஆன்டிபயாடிக் பெறுபவர்கள், நரம்பு வழியாகவே முழு உணவும் பெறுபவர்கள், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், எடை குறைந்து பிறந்த சிசுக்கள் ஆகியோரின் இரத்தத்துள் கேண்டிடா புகுந்துவிடக்கூடும்.

இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, அங்குச் சேர்க்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் பேரிலும் ஆறு அல்லது ஏழு பேருக்கு இத்தொற்று நேர்வதாகக் கண்டது. தொற்றுக்குள்ளானவர்களில் 44.7 விழுக்காட்டினர் முப்பது நாள்களுக்குள் இறந்தனர். அவர்கள் அனைவரும் பூஞ்சையால் மட்டுமே இறந்தனர் என்று பொருளாகாது. பலர் ஏற்கெனவே கடும் நோயுற்றிருந்தவர்கள். ஆயினும் ஏறக்குறைய இருவரில் ஒருவர் என்பது எந்த மருத்துவரையும் உறங்கவிடாத கணக்கு. உலக நலவாழ்வு நிறுவனமும் 2022 அக்டோபரில், மனிதருக்குப் பெருந்தீங்கு செய்யும் 19 பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. அதன் முதல் வரிசையில் வைக்கப்பட்ட நான்கனுள் இரண்டு கேண்டிடா இனத்தவை.

இனிக் காலத்தின் கணக்கு. அமெரிக்க மருத்துவமனைகள் நான்கில் 230 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வொன்றை இத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டுவர். சோதனைக்கு இரத்தம் எடுத்த அன்றே பூஞ்சை மருந்து தொடங்கப்பட்டவர்களில் 15 விழுக்காட்டினர் இறந்தனர். மறுநாள் தொடங்கியவர்களில் அது 24 ஆயிற்று. இரண்டாம் நாள் 37. மூன்றாம் நாளோ அதற்குப் பின்னரோ தொடங்கியவர்களில் 41.

இங்கேதான் வழக்கமான சோதனையின் குறை வெளிப்படுகிறது. ப்ளட் கல்ச்சர் என்று நீங்கள் கேள்விப்படும் இரத்த வளர்ப்புச் சோதனை விதைத்துவிட்டு முளைக்கக் காத்திருப்பதைப் போன்றது. நோயாளியின் இரத்தத்தை ஊட்டநீர் உள்ள புட்டியில் விட்டு, வெதுவெதுப்பில் வைத்து, உள்ளே உயிருள்ள கிருமி இருந்தால் அது பெருகிப் புலப்படும்வரை காத்திருக்க வேண்டும். கேண்டிடா பெருக இரண்டு மூன்று நாள்களாவது உண்டு. எதுவும் இல்லை என்று சொல்வதற்கோ ஐந்து நாள்கள் வேண்டும். அப்படிக் காத்திருந்தும், உடலுக்குள் கேண்டிடா பரவியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மட்டுமே இச்சோதனை அதைக் காட்டுகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு பூஞ்சை அணுகூட இல்லாத அளவுக்கு அது அருகியிருக்கலாம் என்பதும், வயிற்றுக்குள் சீழ்க்கட்டியில் தங்கிவிட்ட பூஞ்சை இரத்தத்திற்கு எப்போதாவதுதான் வரும் என்பதும் காரணங்கள். ஒரே வேளையில் இரண்டு மூன்று புட்டிகளுக்கு இரத்தம் எடுப்பதைக் கண்டு, "இருக்கிற இரத்தத்தையும் எடுத்துவிடுகிறார்களே" என்று வருந்தும் உறவினர்களுக்கு ஒரு சொல்: அருகியிருப்பதைத் தேட அதிக அளவு வேண்டியிருக்கிறது. அளவு குறைந்தால் சோதனையின் பயனும் குறையும்.

இந்த இடைவெளியில்தான் காந்தத் துகள் வருகிறது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் அழகிய உத்தியை வெளியிட்டனர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்ட நோயாளிகள் பலருக்கும் அந்தக் குகை போன்ற இயந்திரம் நினைவிருக்கும். நம் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தத்தால் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்து, ரேடியோ அலையால் அவற்றை ஒருங்கே தூண்டி, தூண்டப்பட்ட ஒத்திசைவு எவ்வளவு விரைவில் கலைகிறது என்பதை அது அளக்கிறது. கலையும் அந்த நேரத்திற்கு டி2 என்று பெயர். காந்த நானோ துகள்கள் நீரில் தனித்தனியே மிதக்கும்போது டி2 ஓர் அளவாகவும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும்போது வேறோர் அளவாகவும் இருக்கும். ஆகவே, தேடும் பொருள் இருந்தால் மட்டுமே துகள்கள் கொத்தாகும்படி செய்துவிட்டால், டி2 மாறுகிறதா என்று பார்த்தே அப்பொருள் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

கேண்டிடாவைக் கண்டறியும் கருவியில் இவ்வுத்தி இப்படிப் பயன்படுகிறது. நோயாளியின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் முதலில் கரைக்கப்படுகின்றன. எஞ்சியதில் பூஞ்சை அணுக்கள் இருந்தால் அவை உடைக்கப்பட்டு, அவற்றின் மரபுப்பொருள் பன்மடங்காகப் பெருக்கப்படுகிறது. இது கொரோனா காலத்தில் நம் அனைவருக்கும் அறிமுகமான பி.சி.ஆர். முறையே. பின்னர் அதனுள் காந்தத் துகள்கள் இடப்படுகின்றன. கேண்டிடாவின் மரபுப்பொருளோடு மட்டும் பொருந்தும் சிறு இழைகள் அத்துகள்களின்மேல் பூசப்பட்டிருக்கும். மரபுப்பொருள் இருந்தால் துகள்கள் அதைப் பற்றிக்கொண்டு கொத்தாகும். மேசைமேல் வைக்கத்தக்க சிறிய காந்தக் கருவி டி2 அளவை எடுக்கும். ஒளியால் பார்க்கும் முறைகளுக்கு இரத்தம் கலங்கலாக இருப்பது ஓர் இடையூறு. காந்தத்திற்குக் கலங்கலும் தெளிவும் ஒன்றே. வளர்ப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை.

இத்துகள்களின் இன்னொரு பண்பையும் சொல்ல வேண்டும். வீட்டில் காந்தத்தில் உரசிய ஊசி தானும் சிறிது காந்தமாகிவிடுவதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். மிகச்சிறிய இத்துகள்கள் அப்படி ஆவதில்லை. புறத்தே காந்தம் இருக்கும்வரை இழுபடும், அது விலகியதும் காந்தத்தன்மையைக் கைவிட்டுவிடும். ஆதலால் காரணமின்றித் தாமாகவே ஒட்டிக்கொள்வதில்லை. சோதனையின் நம்பகம் பெரும்பாலும் இப்பண்பையே சார்ந்திருக்கிறது.

இம்முறையில் அமைந்த டி2 கேண்டிடா என்னும் சோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014 செப்டம்பரில் அனுமதி அளித்தது. மனிதருக்கு அதிகமாக நோய் தரும் ஐந்து கேண்டிடா வகைகளை அது தேடுகிறது. 1,801 நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. பூஞ்சை இருந்தவற்றில் 91.1 விழுக்காட்டைச் சோதனை சரியாகப் பிடித்தது. ஒவ்வொரு விடையாக எண்ணிப் பார்த்தால், பூஞ்சை இல்லாதவற்றில் 99.4 விழுக்காட்டை இல்லை என்று சரியாகச் சொன்னது. விடை கிடைக்கச் சராசரியாக நாலரை மணி நேரத்திற்கும் குறைவே ஆயிற்று. எந்தப் பூஞ்சைக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதை ஒட்டி, ஐந்து வகைகளையும் மூன்று தொகுதிகளாகப் பிரித்து விடை தருகிறது. கேண்டிடா க்ருசை என்ற வகைக்கு ஃப்ளூகோனசோல் வேலை செய்யாது. அதைக் காலையிலேயே அறிந்துகொண்டால் மாலை வேளை மருந்தை மாற்றிவிடலாம்.

இவ்வெண்களை அப்படியே ஏற்றுக்கொண்டு கைதட்டுவது எங்கள் நோக்கமன்று. அந்த 1,801 மாதிரிகளில் 250 மாதிரிகள், ஆய்வாளர்களே கேண்டிடாவை அளந்து கலந்து வைத்தவை. உண்மையாகவே பூஞ்சைத் தொற்று உள்ளவர்கள் அரிதாகையால் அப்படிச் செய்ய நேர்ந்தது. ஆயினும் ஆய்வகத்தில் கலந்த பூஞ்சையும், பத்து நாள் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் ஏறிய உடலில் ஓடும் பூஞ்சையும் ஒன்றல்ல. ஆகவே 2018-இல் வெளியான அடுத்த ஆய்வே எங்களுக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. இரத்தத்தில் கேண்டிடா இருப்பதாக ஏற்கெனவே உறுதியான 152 நோயாளிகளிடம் மீண்டும் இரத்தம் எடுத்து, இரு சோதனைகளும் ஒருங்கே செய்யப்பட்டன. அவர்களுள் பலர் அதற்குள் மருந்து பெறத் தொடங்கியிருந்தனர். வளர்ப்புச் சோதனை 36 பேரிடம் பூஞ்சையைக் காட்டியது. காந்தச் சோதனை 69 பேரிடம் காட்டியது. மருந்தால் பூஞ்சை அடங்கிய நிலையிலும், வளராத பூஞ்சையின் தடத்தை இது பிடிக்கிறது என்று பொருள். அதே வேளையில், வளர்ப்பில் தெரிந்த 36 பேரில் நால்வரை இது தவறவிட்டது என்பதையும் மறைக்கலாகாது. ஒன்று மற்றொன்றை ஒழித்துவிடும் என்பார் சொல்லைக் கேளாதீர்கள். எந்த மருந்துக்குப் பூஞ்சை மசியும் என்பதை முழுமையாக அறிய, அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் அனைவருக்கும் இதைச் செய்துவிடலாமே" என்று எண்ணத் தோன்றும். கூடாது என்பதே எங்கள் உறுதியான நிலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேருக்குச் சோதனை செய்கிறோம், மேலே கண்ட இந்திய ஆய்வின்படி அவர்களில் ஆறு ஏழு பேருக்கே பூஞ்சை இருக்கும். சோதனை அவர்களில் ஆறு பேரைப் பிடிக்கும். எஞ்சிய 993 பேரில், விடைகளில் ஆயிரத்துக்கு ஆறு பிழை என்று வைத்தாலும், குறைந்தது ஆறு பேருக்கு இல்லாத பூஞ்சையை இருப்பதாகக் காட்டும். அதாவது "பூஞ்சை உண்டு" என்ற விடை பெறுவோரில் பாதிப்பேருக்கு அது இராது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆம்போடெரிசின் போன்ற மருந்துகள் அவர்கள் உடலில் வீணாக ஏறும். இதே சோதனையைப் பத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கக்கூடிய பிரிவினருக்கு மட்டும் செய்தால் நிலை மாறும். ஆயிரம் பேரில் நூறு பேருக்குத் தொற்று இருக்கும், அவர்களில் 91 பேரைப் பிடிக்கும், பொய்யாகக் காட்டுவது ஐந்தாறு பேரையே. கருவி அதுவேதான். யாருக்குச் செய்கிறோம் என்பதே அதன் மதிப்பை முடிவு செய்கிறது. ஆதலால், "பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் செய்த சோதனையை எங்களுக்கு ஏன் செய்யவில்லை" என்று கேட்பவர்களுக்கு, மருத்துவர் உங்களைப் புறக்கணித்ததால் அன்று என்பதே விடையாக இருக்கக்கூடும்.

எங்கள் பார்வையில் இச்சோதனையின் பெரும்பயன், இல்லை என்று சொல்வதிலேயே இருக்கிறது. இது மேற்பார்வைக்கு வியப்பாகத் தோன்றலாம். இன்றைய நடைமுறையில், காய்ச்சல் தணியாத கடும் நோயாளிக்குப் பூஞ்சையாக இருக்கலாம் என்ற ஐயத்திலேயே மருந்து தொடங்கப்படுகிறது. காத்திருந்தால் என்ன நேரும் என்பதை மேலே கண்டோம், ஆகவே அது சரியே. ஆனால் தொடங்கிய மருந்தை நிறுத்த எவருக்கும் துணிவு வருவதில்லை. வளர்ப்புச் சோதனை "இல்லை" என்றாலும், அது பாதியைத் தவறவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். எனவே பத்து நாள், பதினான்கு நாள் என்று மருந்து ஓடுகிறது. அதன் விலையைக் குடும்பம் சுமக்கிறது. பொட்டாசியம் குறைகிறது, கிரியாட்டினின் ஏறுகிறது. தேவையற்ற மருந்தில் பழகிய பூஞ்சைகள் எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. நம்பத்தக்க "இல்லை" ஒன்று நாலைந்து மணி நேரத்தில் கிடைக்குமானால், மருத்துவரால் மருந்தை நிறுத்த முடியும். ஒரு சோதனையின் விலையை, அது நிறுத்தச் செய்யும் மருந்தின் விலையோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும். மருத்துவமனைகளின் கொள்முதல் குழுக்கள் பெரும்பாலும் அப்படி ஒப்பிடுவதில்லை. ஆய்வகச் செலவு ஓர் ஏட்டிலும் மருந்துச் செலவு வேறோர் ஏட்டிலும் எழுதப்படுவதே காரணம். இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர் நோயாளி ஒருவரே.

எங்களுக்கு மறுமொழியாக ஒரு கருத்தை முன்வைக்கும் மருத்துவர்கள் உண்டு. பல மாவட்டங்களில் வளர்ப்புச் சோதனையே ஒழுங்காக நடக்கவில்லை, அதைச் சீர்செய்யாமல் காந்தக் கருவி வாங்குவது கூரையின்றிக் கோபுரம் கட்டுவது என்பர். அதில் பாதி எங்களுக்கும் உடன்பாடே. ஆன்டிபயாடிக் தொடங்குமுன் இரத்தம் எடுப்பதும், போதிய அளவு எடுப்பதும், உடனே ஆய்வகத்திற்கு அனுப்புவதும் எந்தக் கருவிக்கும் முன்னே வர வேண்டியவை. ஆனால் ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று என்று காத்திருந்தால் இரண்டும் வந்து சேரா. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே கருவி வாங்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒரு நகரத்து மருத்துவமனைகள் பலவும் சேர்ந்து ஓர் ஆய்வகத்தில் இவ்வசதியை வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று. கருவிக்கு நான்கு மணி நேரம் போதும் என்பது, மாதிரி அதனுள் சென்ற பின்புள்ள கணக்கு. மாலையில் எடுத்த இரத்தம் மறுநாள் காலைவரை குளிர்பெட்டியில் கிடந்தால், நாளொன்றுக்கு ஒரு முறைதான் கருவி இயங்கும் என்றால், நான்கு மணி நேரம் இருபத்துநான்கு ஆகிவிடும். அப்போது வாங்கியது விளம்பரத்தை மட்டுமே.

இன்னொரு குறையும் உண்டு, அது நம் நாட்டுக்கே உரியது. இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் முதலிடம் பெறுவது கேண்டிடா டிராபிகாலிஸ். மேற்சொன்ன 2015 ஆய்வில் அதன் பங்கு 41.6 விழுக்காடு. அது சோதனையின் பட்டியலில் இருக்கிறது, நல்லது. ஆனால் 5.3 விழுக்காடு என்று அன்றே கண்டறியப்பட்ட கேண்டிடா ஆரிஸ் அந்த ஐந்தில் இல்லை. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலில் பிரித்தறியப்பட்ட இப்பூஞ்சை, பல மருந்துகளுக்கு மசியாதது. கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் ஒட்டி வாழ்ந்து ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் முதல் வரிசையிலும் அது உண்டு. ஐந்தைத் தேடிவிட்டு "பூஞ்சை இல்லை" என்று எழுதும் அறிக்கை, ஆறாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. துகளின்மேல் பூசும் இழையை மாற்றினால் தேடும் பொருளும் மாறும் என்பதே இம்முறையின் சிறப்பு. நம் ஆய்வகங்கள் தம் படுக்கைகளில் காணும் பூஞ்சைகளுக்கேற்ப இழைகளை அமைத்து, நம் நோயாளிகளிடம் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். இறக்குமதிக் கருவிக்குத் தரகு பேசுவதைவிட அதுவே இங்குள்ள அறிவியல் துறைகளுக்கு உகந்த பணி.

கருப்புப் பூஞ்சையை நினைத்துச் சிலர் இச்சோதனையைக் கேட்பதுண்டு. 2021-இல் ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்த அந்நோய் வேறு வகைப் பூஞ்சையால் வருவது. அது மூக்கின் உட்புறத்தையும் கண்ணையும் பற்றும், இரத்தத்தில் அரிதாகவே தென்படும். அதற்குத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே வழி.

இனிக் கழுவுதல். இதன் பின்னால் உள்ள அறிவியல் கற்பனையன்று. பாஸ்டனில் டொனால்ட் இங்பர் என்னும் அறிவியலாளரின் குழுவினர், கேண்டிடாவைப் பற்றிக்கொள்ளும் காந்த மணிகளை மனித இரத்தத்தில் கலந்து, நுண்ணிய வாய்க்கால்கள் வழியே ஓடவிட்டு, பக்கவாட்டுக் காந்தத்தால் மணிகளைப் பூஞ்சையோடு சேர்த்து இழுத்தனர். ஒரு முறை ஓடியதிலேயே 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பூஞ்சை நீங்கியது. 2009-இல் வெளியான செய்தி அது. காணொளிகள் சொல்லாமல் விடுவது வேகத்தை. மணிக்கு 20 மில்லிலிட்டர். வளர்ந்த ஒருவரின் ஐந்து லிட்டர் இரத்தம் ஒரு முறை அதன் வழியே செல்ல 250 மணி நேரம், பத்து நாளுக்கும் மேல் ஆகும்.

அக்குழுவினர் அங்கு நிற்கவில்லை. நம் உடலில் மண்ணீரல் செய்யும் வேலையை உடலுக்கு வெளியே செய்விக்கும் கருவியொன்றை 2014-இல் வெளியிட்டனர். நம் உடலே உண்டாக்கும் ஒரு புரதம், கிருமிகளின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைப் பொருள்களை அடையாளம் கண்டு பற்றும் இயல்புடையது. அதைச் சிறிது மாற்றி நானோ மணிகளின்மேல் பூசினர். என்ன கிருமி என்று முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நன்மை. மணிக்கு 1.25 லிட்டர் வேகத்தில் மனித இரத்தத்திலிருந்து பாக்டீரியாவையும் பூஞ்சையையும் இது நீக்கியது, உடலுக்கு வெளியே, ஆய்வகத்தில். உயிருள்ள உடலில் சோதித்தது எலிகளிடம். அந்த எலிகளுக்கு ஏற்றப்பட்டவையும் பாக்டீரியாக்களே. அவற்றின் இரத்தத்திலிருந்து 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கப்பட்டன. வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் பூஞ்சைத் தொற்றுள்ள ஒரு மனிதர் இதனால் பிழைத்தார் என்று காட்டும் சான்று இவ்விரண்டு ஆய்வுகளிலும் இல்லை.

இவற்றுக்கும் மேலே ஒரு செய்தி உண்டு, அதுவே எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. இதே குழுவினர் 2015-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் காந்தத்தையே விட்டுவிட்டனர். டயாலிசிஸில் பயன்படும் நுண்குழல் வடிகட்டியின் உட்சுவரில் அந்தப் புரதத்தைப் பூசி, இரத்தத்தை அதன் வழியே செலுத்தினர். மணிகளைக் கலக்கவும் வேண்டாம், அவை ஒன்றுகூட உடலுக்குள் திரும்பாதபடி காந்தத்தால் பிடிக்கவும் வேண்டாம். டயாலிசிஸில் நிமிடத்திற்கு 200 முதல் 300 மில்லிலிட்டர் இரத்தம் ஓடுவதை எங்கள் சிறுநீரக நோயாளிகள் அறிவார்கள். அந்த வேகத்திற்கு ஒத்த அமைப்பும் அதுவே. கண்டுபிடித்தவர்களே காந்தத்தைக் கைவிட்டு எளிய வழியைத் தேடிய பின்னும், காணொளிகள் காந்தத்தையே காட்டிக்கொண்டிருக்கின்றன.

கழுவுவதில் இன்னோர் அடிப்படைத் தடையும் இருக்கிறது. இரத்தம் பூஞ்சையின் வழித்தடமே, அதன் வீடு வேறு. சிரைக்குழாயின் உட்சுவரில் பாசிபோல் படர்ந்தும், வயிற்றுச் சீழிலும், இதய வால்விலும், கண்ணின் விழித்திரையிலும், சிறுநீரகத்திலும் அது குடியிருக்கும். வீட்டை விட்டுவிட்டுத் தெருவை மட்டும் பெருக்கினால் மறுநாளும் குப்பை இருக்கும். ஆதலால்தான் கேண்டிடா உறுதியானதும் மருத்துவர்கள் மையச் சிரைக்குழாயைக் கழற்றச் சொல்கிறார்கள், கண் மருத்துவரை அழைக்கிறார்கள், சில வேளைகளில் மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்ல நேர்கிறது. "காய்ச்சலுக்கு ஏன் கண்ணைப் பார்க்கிறார்கள்" என்று கேட்டவர்களுக்கு இதுவே விளக்கம்.

எனவே "நானோ சிகிச்சை", "காந்த இரத்தச் சுத்திகரிப்பு" என்ற பெயரில் எங்கேனும் கட்டணம் கேட்கப்பட்டால், மூன்று வினாக்களைக் கேளுங்கள். மனிதரிடம் சோதித்த ஆய்வு எது? எந்த அரசு அமைப்பு அனுமதி தந்துள்ளது? ஆய்வில் சேர்ப்பதாயின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் எழுத்துமூலச் சம்மதப் படிவமும் எங்கே? ஆய்வுக்கு உட்படுபவரிடம் ஆய்வு மருந்துக்கோ கருவிக்கோ பணம் கேட்டால் ஐயுறுங்கள். இரும்பு ஆக்சைடு உடலுக்குத் தீங்கற்றது என்றும் சிலர் பேசுவர். அத்துகளால் ஆன ஃபெருமாக்ஸிடால் என்னும் மருந்து, சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே. அதே மருந்துக்கு, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை நேரலாம் என்ற மிகக் கடுமையான எச்சரிக்கை 2015-இல் சேர்க்கப்பட்டது. சோதனைக் குழாய்க்குள் இருக்கும் துகளால் நோயாளிக்குத் தீங்கில்லை. நரம்புக்குள் செல்லும் துகளுக்கு அதே உறுதியைத் தர முடியாது.

மேலே சொன்ன காந்தச் சோதனை எங்கள் ஆய்வகத்தில் இன்னும் இல்லை. அது வரும்வரை குடும்பத்தார் செய்யத்தக்கவை சில உண்டு, அவற்றுக்குக் கருவி வேண்டா. நாள்தோறும் மருத்துவர் வரும் வேளையில், "கழுத்தில் உள்ள குழாய் இன்றும் தேவையா?" என்று கேளுங்கள். தேவையற்ற குழாய் ஒரு நாள் முன்னதாக அகன்றால், பூஞ்சைக்கு ஒரு நாள் குறைகிறது. "இந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாளுக்கு?" என்றும் கேட்கலாம். இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவாகாது. படுக்கையருகே செல்லுமுன்னும் திரும்பும்போதும் கைகளைத் தூய்மை செய்யுங்கள், கட்டில் கம்பியை மட்டும் தொட்டிருந்தாலும் செய்யுங்கள். முன்பு வேறு மருத்துவமனையில் பல நாள் சேர்க்கப்பட்டிருந்தால், அங்கு நடந்த சோதனைகளின் அறிக்கைகளையும் அளிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியலையும் சேர்க்கும் நாளிலேயே எங்களிடம் தாருங்கள். எந்தப் பூஞ்சைக்கு எந்த மருந்தைத் தொடங்குவது என்று முடிவு செய்யும் முதல் இரவில், அந்தத் தாள்கள் பெரிதும் உதவும். வளர்ப்புச் சோதனையின் இடைக்கால முடிவை அறிய விரும்புவோர், பணி மருத்துவரிடமோ தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடமோ எந்நாளும் கேட்கலாம். இறுதி அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.